கிட்டார் பேட்டரி தானாக அணைய: ஒரு கவுன்ட்டர் சிப், ஒரு மாஸ்ஃபெட்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிட்டாருக்குள் டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கி) சிப் போட்ட ப்ரீஆம்ப், அதாவது பிக்கப் சுருள் தரும் சிக்னலைப் பெருக்கும் சிறு சர்க்யூட், இருக்கிறது, 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்ற மறந்துவிடுகிறீர்கள், ஒரு வாரத்தில் பேட்டரி காலி. வாசிப்பை நிறுத்திப் பத்து நிமிடத்தில் தானாக அணைய வேண்டும், தந்தியைத் தொட்டால் உடனே உயிர் பெற வேண்டும் என்கிறீர்கள். 2என்7000 மாஸ்ஃபெட் (திறந்தால் மின்சாரத்தை விட்டு, மூடினால் நிறுத்தும் மின்னணு சுவிட்ச்), 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 10 மெகாஓம் ரெசிஸ்டர் வைத்து ஒரு சர்க்யூட் செய்தும் பார்த்திருக்கிறீர்கள். அது அணைகிறது, ஆனால் அணைவதற்கு முன் சில நிமிடங்கள் ஒலி கரகரவென்று சிதைகிறது. ஏன், எப்படிச் சரிசெய்வது?

முதலில் கணக்கு. நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில், குறைந்த மின்னோட்டம் எடுத்தால், ஏறக்குறைய 550 மில்லிஆம்பியர்-மணி கிடைக்கும். டிஎல்072க்குள் இரண்டு ஆம்ப்கள் உண்டு, ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போதே 1.4 மில்லிஆம்பியர் எடுக்கும். ஆகமொத்தம் 2.8. வகுத்தால் 196 மணி நேரம், அதாவது எட்டு நாள். உங்கள் ஒரு வாரக் கணக்கு சரியாகவே இருக்கிறது, வேறு எங்கும் கசிவு இல்லை.

அதனால் எதையும் கட்டுவதற்கு முன் அந்தச் சிப்பைக் கழற்றிவிட்டு டிஎல்062 போடுங்கள். சிப்பின் கால்களின் (பின்களின்) வரிசை அதேதான், அப்படியே பொருந்தும். இரண்டு ஆம்பும் சேர்ந்து 0.4 மில்லிஆம்பியர்தான். ஒரு வாரம் என்பது 57 நாளாகிவிடும். இரைச்சல் கூடுமே என்று பலர் தயங்குவார்கள். கூடும்தான்: டிஎல்072க்கு 18 நானோவோல்ட் என்றால் டிஎல்062க்கு 42, ஒரு ரூட் ஹெர்ட்ஸுக்கு. ஆனால் 250 கிலோஓம் வால்யூம் பாட்டை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, பாதியில் வைத்தால் அந்தப் பாட் மட்டுமே 30 நானோவோல்ட்டுக்கு மேல் இரைச்சல் தரும். எனவே உங்கள் காதில் விழும் வித்தியாசம், எண்களைப் பார்த்துப் பயப்படும் அளவுக்கு இருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப் (உள்ளேயே ப்ரீஆம்ப் உள்ள பிக்கப்) எடுப்பது வெறும் 80 மைக்ரோஆம்பியர். அப்படிப்பட்ட கிட்டாருக்குத் தானியங்கி அணைப்பு தேவையே இல்லை. ப்ரீஆம்பில் எப்போதும் எரியும் எல்இடி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 2 மில்லிஆம்பியர் குடிக்கும் எல்இடி, டிஎல்062ஐப் போல ஐந்து மடங்கு தின்னும்.

சரி, சிப்பை மாற்றிய பிறகும் அணைப்பு வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். 57 நாள் என்பது மறதிக்காரருக்குப் பெரிய நிம்மதி இல்லை. இரண்டு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, பேட்டரி இருப்பதே மறந்துபோன ஒரு நாளில், வாசிக்க உட்காரும்போது காலை வாரும்.

இப்போது உங்கள் சர்க்யூட் ஏன் கரகரக்கிறது என்று பார்ப்போம். 100 மைக்ரோஃபாரடும் 10 மெகாஓமும் சேர்ந்தால் 1000 விநாடி நேர மாறிலி. கெப்பாசிட்டர் 9 வோல்ட்டிலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, மாஸ்ஃபெட் திறப்பதற்கும் மூடுவதற்கும் எல்லையான வாசல் மின்னழுத்தம், 2 வோல்ட், அருகே வரும்போது, விநாடிக்கு 2 மில்லிவோல்ட் வேகத்தில்தான் இறங்குகிறது. மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்த நிலையிலிருந்து முழுதாக மூடும் நிலைக்குப் போக, அதைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டில் அரை வோல்ட் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் உங்கள் ப்ரீஆம்ப் பாதி பட்டினியில் கிடக்கிறது. நீங்கள் கேட்ட கரகரப்பு அதுதான். போதாததற்கு, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கே சொந்தக் கசிவு உண்டு. 10 மெகாஓம் வழியாகப் போவது 0.9 மைக்ரோஆம்பியர். கெப்பாசிட்டரின் கசிவு அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். ஆக, நேரத்தை ரெசிஸ்டர் தீர்மானிப்பதில்லை, கெப்பாசிட்டரின் வயதும் அறையின் வெப்பமும் தீர்மானிக்கின்றன. இன்று 24 நிமிடம் வந்தால் நாளை 9 நிமிடம் வரும்.

இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதுதான். அணைப்பது சுலபம். வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் அணையாமல் இருப்பதுதான் கஷ்டம். காலியான பேட்டரி ஒரு தொல்லை, அவ்வளவுதான். பாட்டின் நடுவில் தன் இஷ்டத்துக்கு அணையும் கிட்டார், வாசிப்பவரின் நம்பிக்கையையே உடைத்துவிடும். அதனால் சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் "அணையாமல் இரு" என்ற பக்கம் சாய்ந்துதான் வடிவமைக்க வேண்டும்.

முதல் சாய்வு, நேரம். பத்து நிமிடம் வேண்டாம், அரை மணி வையுங்கள். 0.4 மில்லிஆம்பியரில் கூடுதல் இருபது நிமிடம் என்பது 0.13 மில்லிஆம்பியர்-மணி. 550இல் அது ஒன்றுமே இல்லை. நாம் மிச்சப்படுத்த நினைப்பது இரவு முழுவதும், வாரம் முழுவதும் ஓடும் வீண் செலவை. அதற்கு அரை மணியும் பத்து நிமிடமும் ஒன்றுதான். ஆனால் வாசிப்பவருக்கு ஒன்றல்ல. பாட்டுக்கு இடையே பேச்சு நீளும், யாரோ டிரம் சரிசெய்துகொண்டிருப்பார்கள், பத்து நிமிடம் பறந்துவிடும்.

இரண்டாவது, நேரத்தைக் கெப்பாசிட்டரின் சரிவை வைத்து அளக்காதீர்கள், எண்ணி அளங்கள். இதற்கு நான் எப்போதும் எடுப்பது சிடி4060. உள்ளேயே சீராகத் துடிக்கும் ஆஸிலேட்டர், அதோடு அந்தத் துடிப்புகளை எண்ணும் 14 படிக் கவுன்ட்டர். இந்த இடத்தில் என்இ555 டைமர் சிப்பை நினைப்பவர்கள் உண்டு. பழைய 555 தானே 3 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கும், காவலுக்கு வைத்தவனே களஞ்சியத்தைக் காலி செய்த கதையாகிவிடும்.

4060இன் ஆஸிலேட்டர் கணக்கு எளிது: ஒரு சுற்றுக்கு 2.3 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர். 10ஆம் காலில் 1 மெகாஓம், 9ஆம் காலில் 100 நானோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், இரண்டும் சேரும் முனையிலிருந்து 11ஆம் காலுக்கு 10 மெகாஓம். ஒரு சுற்று 0.23 விநாடி. கடைசிப் படியான க்யூ14, அதாவது 3ஆம் கால், 8192 சுற்றுக்குப் பிறகு உயரும். பெருக்கினால் 1884 விநாடி, 31 நிமிடம். கெப்பாசிட்டரை 220 நானோஃபாரடாக மாற்றினால் 69 நிமிடம். பாகங்களின் வேறுபாட்டால் நூற்றுக்குப் பத்து முன்னே பின்னே போகும், பரவாயில்லை.

அந்த 3ஆம் காலை 100 கிலோஓம் வழியாக ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டின் கேட்டில் கொடுங்கள். சோர்ஸ் பேட்டரியின் பிளஸ் பக்கம், ட்ரெயின் ப்ரீஆம்பின் பிளஸ் பக்கம். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 100 நானோஃபாரட். எண்ணிக்கை நடக்கும்வரை 3ஆம் கால் தாழ்ந்திருக்கும், மாஸ்ஃபெட் திறந்திருக்கும். 31 நிமிடம் ஆனதும் கால் ஒரே எட்டில் மேலே ஏறும், மாஸ்ஃபெட் மூடிவிடும். நான்கு நிமிட மரண அவஸ்தை இல்லை. அப்புறம் 3ஆம் காலிலிருந்து 11ஆம் காலுக்கு ஒரு 1என்4148 டையோடு, கோடு போட்ட முனை 11ஆம் கால் பக்கம். கால் உயர்ந்ததும் டையோடு ஆஸிலேட்டரைப் பிடித்து நிறுத்திவிடும். இல்லாவிட்டால் இன்னொரு 31 நிமிடம் கழித்துக் கால் தாழ்ந்து, நள்ளிரவில் ப்ரீஆம்ப் தானாக விழித்துக்கொள்ளும்.

நீங்கள் 2என்7000ஐ மைனஸ் பக்கம் வைத்திருந்தீர்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் அணைந்த பிறகு கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டின் தரையும் ஒலியின் தரையும் வேறு வேறாகிவிடும். பின்னால் தந்தியின் சிக்னலை எடுத்து டைமருக்குக் கொடுக்கும்போது தலைவலி. பிளஸ் பக்கம் வெட்டினால் தரை ஒன்றாகவே இருக்கும். மாஸ்ஃபெட் தேர்வில் ஒரே ஒரு எச்சரிக்கை: கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே எத்தனை வோல்ட் தாங்கும் என்று பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் சில சிறிய மாஸ்ஃபெட்களுக்கு எல்லை 8 வோல்ட்தான். புது பேட்டரி 9.5 வோல்ட் காட்டும். பிஎஸ்எஸ்84 என்றால் 20 வோல்ட் வரை தாங்கும். திறந்திருக்கும்போது அதற்கு 10 ஓம் வரை மின்தடை உண்டு, நம்முடைய அரை மில்லிஆம்பியருக்கு அது 5 மில்லிவோல்ட். கவலையே வேண்டாம்.

ஜாக்கில் இருக்கும் பழைய ஏற்பாட்டை அப்படியே விடுங்கள். ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தில் பேட்டரி மைனஸ், மோனோ பிளக் உள்ளே போனதும் அதன் உடல் வளையத்தையும் தரையையும் இணைக்கும், மின்சாரம் ஓடும். கழற்றினால் எல்லாம் பூஜ்யம். 4060 இந்த ஜாக்குக்குப் பிறகே வர வேண்டும். அதன் பிளஸ் காலான 16க்கு 1 கிலோஓம் வழியாகக் கொடுத்து, தரைக்கு 1 மைக்ரோஃபாரட் போடுங்கள். பிளக் செருகியதும் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்க, 16ஆம் காலுக்கும் ரீசெட்டான 12ஆம் காலுக்கும் இடையே 100 நானோஃபாரட், 12இலிருந்து தரைக்கு 1 மெகாஓம்.

அந்த 1 மைக்ரோஃபாரட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதன்முதலில் இதைக் கட்டியபோது தாராளமாக 10 மைக்ரோஃபாரட் போட்டேன். டைமர் சரியாக அணைத்தது. கேபிளைக் கழற்றி மறுபடி செருகினேன், உயிரே இல்லை. பேட்டரியை மாற்றினேன், அப்போதும் இல்லை. மாஸ்ஃபெட் போய்விட்டது என்று அதையும் மாற்றினேன். கடைசியில் 16ஆம் காலில் மீட்டரை வைத்தபோதுதான் தெரிந்தது: பிளக் வெளியே கிடக்கிறது, பேட்டரி துண்டிக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் அங்கே 7 வோல்ட். நின்றுபோன 4060 கிட்டத்தட்ட எதையுமே குடிப்பதில்லை. அதனால் அந்தக் கெப்பாசிட்டரே சிப்பை நிமிடக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தது. சிப் சாகவில்லை என்றால் ரீசெட்டும் நடக்காது. 1 மைக்ரோஃபாரடுக்குக் குறைத்து, அதன் குறுக்கே 4.7 மெகாஓம் போட்ட பிறகு, ஐந்தாறு விநாடி கழற்றி வைத்துச் செருகினால் ஒழுங்காகத் தொடங்குகிறது. அந்த ரெசிஸ்டர் எடுப்பது 2 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு.

இதுவரை சொன்னதே ஒரு முழு சர்க்யூட். செருகினால் 31 நிமிடம் ஓடும், அணையும். ஆனால் வாசித்துக்கொண்டிருந்தாலும் அணையும், அதைத்தான் நாம் கூடாது என்றோம். எனவே தந்தி அதிரும்போதெல்லாம் 12ஆம் காலை ஒரு தட்டு தட்ட வேண்டும்.

இதற்கு ஒரு ஆப்-ஆம்ப் தேவை. டிஎல்062இல் பாதி சும்மா இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒரு டிஎல்061 கூடுதலாக, 0.2 மில்லிஆம்பியர். இதற்கும் மின்சாரம் மாஸ்ஃபெட்டுக்குப் பிறகுதான். சிக்னலை வால்யூமுக்கு முன்பே எடுங்கள். பிக்கப் செலக்டரிலிருந்து 10 நானோஃபாரட் வழியாக ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீட்டுக்கு வரட்டும், அங்கிருந்து பாதி மின்னழுத்தப் புள்ளிக்கு (பேட்டரியின் பாதியான நாலரை வோல்ட்) 2.2 மெகாஓம். பிக்கப்பின் மேல் இந்தப் பாரம் தெரியாது, ஏற்கெனவே 250 அல்லது 500 கிலோஓம் பாட் தொங்கிக்கொண்டிருக்கிறது. பின்னூட்டத்தில், அதாவது வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு, 1 மெகாஓம், மைனஸ் உள்ளீட்டிலிருந்து 10 கிலோஓமும் 47 நானோஃபாரடும் தொடராகத் தரைக்கு. நூறு மடங்குப் பெருக்கம், ஆனால் 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைந்துகொண்டே வரும்.

அந்த 340 ஹெர்ட்ஸை யோசித்துத்தான் வைத்தேன். ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டாரை ஆம்பின் பக்கத்தில் நிறுத்திவைத்தால், யாரும் தொடாமலே மின்கம்பி ஹம் வந்துகொண்டிருக்கும், 50 அல்லது 60 ஹெர்ட்ஸில். அதையும் வாசிப்பு என்று சர்க்யூட் எண்ணிக்கொண்டால் கிட்டார் அணையவே அணையாது. 50 ஹெர்ட்ஸில் இந்த ஏற்பாட்டின் பெருக்கம் ஏறக்குறைய பதினைந்து மடங்குதான். தந்தி தப்பிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ் என்றாலும், மீட்டிய கணத்தில் அதன் மேல்சுரங்கள் 400, 800, 1200 என்று கொட்டும். நமக்கு வேண்டியது சுரம் இல்லை, அந்த மீட்டல்தான். பேஸ் கிட்டாரிலும் இது வேலை செய்யும்.

ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து 100 நானோஃபாரட், 100 கிலோஓம் தொடராக ஒரு பிசி557 டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 1 மெகாஓமும், ஒரு 1என்4148 டையோடும் வேண்டும். பேஸ் எமிட்டரைவிட உயர்ந்தால் அந்த டையோடு கடத்த வேண்டும். ஆகவே கோடில்லாத முனை பேஸில், கோடு போட்ட முனை எமிட்டரில். கலெக்டரிலிருந்து 12ஆம் காலுக்கு இன்னொரு 1என்4148, கோடு போட்ட முனை 12ஆம் கால் பக்கம்; இல்லாவிட்டால் அணைந்திருக்கும்போது ரீசெட் துடிப்பு டிரான்சிஸ்டர் வழியாகப் பின்னோக்கி ஓடிவிடும். வெளியீடு ஏறத்தாழ 1.2 வோல்ட் ஆடினால் போதும், டிரான்சிஸ்டர் கடத்தி 12ஆம் காலை மேலே இழுத்துவிடும். நூறால் வகுத்தால், பிக்கப்பில் 12 மில்லிவோல்ட். மென்மையாக வாசிப்பவருக்கும் இது எட்டும்.

எமிட்டரை எங்கே இணைப்பது? 4060இன் 16ஆம் காலோடுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரெட்போர்டில் அப்படிக் கட்டியபோது, 31 நிமிடம் முடியும், எல்இடி ஒரு கணம் அணையும், உடனே மறுபடி எரியும். ஒவ்வொரு முறையும். காரணம், மாஸ்ஃபெட் மூடியதும் ஆப்-ஆம்பின் வெளியீடு நாலரை வோல்ட்டிலிருந்து தரைக்குச் சரிகிறது. அந்தச் சரிவே 100 நானோஃபாரட் வழியாகப் பேஸைக் கீழே இழுத்து, டிரான்சிஸ்டரைக் கடத்தவைத்து, ரீசெட் கொடுத்துவிடுகிறது. தன் சாவையே ஒரு மீட்டலாக எண்ணி விழித்துக்கொள்கிறது. எமிட்டரை மாஸ்ஃபெட்டுக்குப் பிந்தைய பக்கத்துக்கு மாற்றினால் இது நின்றுவிடும். அப்போது எமிட்டரும் சேர்ந்தே இறங்குகிறது, அதுவும் வெளியீட்டைவிட வேகமாக. பேஸ் எமிட்டருக்குக் கீழே போக வழியில்லை. ப்ரீஆம்பின் பிளஸில் ஒரு 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் இருந்தால் சரிவு நிதானமாக நடக்கும், இன்னும் பத்திரம்.

ஒலிக்கு இதனால் கேடு வருமா என்ற கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, நூறு மடங்கு பெருக்கிய சிக்னல் ஆப்-ஆம்பின் உச்சியிலும் அடியிலும் போய் மோதிச் சதுர அலையாகும். அதே சிப்பின் மறுபாதியில் உங்கள் ஒலி போகிறது, கரகரப்பு லேசாகக் கலக்கலாம். 1 மெகாஓம் பின்னூட்ட ரெசிஸ்டரின் குறுக்கே, திசைக்கு இரண்டாக நான்கு 1என்4148 போட்டால் அலை மென்மையாக அடங்கும், மோதல் இல்லை. இரண்டாவது, 4060இன் ஆஸிலேட்டர் விநாடிக்கு நான்கு முறை துடிக்கிறது, அந்த டிக் டிக் பிக்கப் கம்பியில் ஏறினால் கேட்கும். இங்கே இந்தச் சிப் நமக்கு ஒரு நல்ல காரியம் செய்கிறது: ரீசெட் உயர்ந்திருக்கும்வரை 4060 கவுன்ட்டரை மட்டுமல்ல, ஆஸிலேட்டரையும் நிறுத்திவைக்கும். நீங்கள் வாசிக்கும்போது துடிப்பே கிடையாது, மௌனத்தில்தான் துடிக்கும். மௌனத்தில் கேட்காமல் இருக்க, முன்பு சொன்ன 1 கிலோஓமும் 1 மைக்ரோஃபாரடும் உதவும். அதோடு போர்டைப் பிக்கப் கம்பியிலிருந்து தள்ளி, தாமிரத் தாள் ஒட்டிய பள்ளத்துக்குள் வையுங்கள்.

இனி தந்தியைத் தொட்டால் விழிக்க வேண்டும் என்ற ஆசை. முடியும். 9 வோல்ட்டைத் தாங்கி, 2 மைக்ரோஆம்பியரில் ஓடும் எல்டிசி1440 போன்ற கம்பாரேட்டரை (இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சிப்) எப்போதும் விழித்திருக்க வைத்து, பிக்கப்பின் சிக்னலைக் காவல் பார்க்கச் சொல்லலாம். இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெருக்கம் இல்லாத கம்பாரேட்டர் மில்லிவோல்ட்களைப் பார்க்க வேண்டும், ஹம்மையும் மீட்டலையும் பிரிக்கும் வேலை அங்கே இரண்டு மடங்கு கடினம். தவிர, ப்ரீஆம்பின் பாதி மின்னழுத்தப் புள்ளி இரண்டு 100 கிலோஓமும் 47 மைக்ரோஃபாரடும் கொண்டதென்றால், அது நிமிர இரண்டு மூன்று விநாடி ஆகும். முதல் சுரம் எப்படியும் போய்விடும். அரை மணி யாரும் தொடாத கிட்டாரை எடுப்பவர் ஒரு பட்டனை அழுத்தட்டுமே. 16ஆம் காலுக்கும் 12ஆம் காலுக்கும் இடையே 10 கிலோஓமும் ஒரு சிறு புஷ் பட்டனும், அவ்வளவுதான்.

மரத்தில் துளை போட மனம் வரவில்லையென்றால், பட்டனுக்குப் பதில், தட்டினால் மின்னழுத்தம் தரும் பீசோ தகடு ஒன்று இருக்கிறது. பஸ்ஸரில் வருமே, 27 மில்லிமீட்டர் பித்தளை வட்டம், அதைக் கட்டுப்பாட்டுப் பள்ளத்தின் அடியில் ஒட்டுங்கள். இன்னொரு பிசி557, இம்முறை எமிட்டர் 16ஆம் காலில், ஏனென்றால் அணைந்திருக்கும்போது வேலை செய்ய வேண்டியது இது. கலெக்டர் 12ஆம் காலில். பீசோவை எமிட்டருக்கும் பேஸுக்கும் குறுக்கே, அதோடு 10 மெகாஓமும் முன்போலவே ஒரு டையோடும். விரல் முட்டியால் மரத்தைத் தட்டினால் விழிக்கும். சும்மா இருக்கும்போது இது எடுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யம். ஆக்டிவ் பிக்கப் போட்ட கிட்டாருக்கும் இதுவே வழி, மின்சாரம் இல்லாத ஆக்டிவ் பிக்கப் தந்தி அதிர்ந்தாலும் சொல்லாது. யாராவது இடித்துவிட்டு விழித்துக்கொண்டால்? அரை மணி ஓடிவிட்டு மறுபடி தூங்கும், நஷ்டமில்லை.

ஏடிடைனி85 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் வைத்து எல்லாவற்றையும் நிரலாக எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம், அதற்கு 5.5 வோல்ட்தான் எல்லை, ரெகுலேட்டர் வேண்டும், கடிகாரச் சத்தம் இன்னும் மேல் அலைவரிசையில் வரும். நிரல் எழுதுவதில் விருப்பம் இருந்தால் செய்யுங்கள், இந்த வேலைக்கு அது அவசியமில்லை.

அணைந்த நிலையில் எவ்வளவு போகிறது என்று கூட்டுவோம். 4.7 மெகாஓம் வழியாக 1.9 மைக்ரோஆம்பியர், டையோடு பிடித்திருக்கும் 11ஆம் காலிலிருந்து 10 மெகாஓம், 1 மெகாஓம் வழியாக முக்கால், சிப்பின் கசிவு அதற்கும் குறைவு. மொத்தம் 3. ஆல்கலைன் பேட்டரி பெட்டியில் சும்மா கிடந்தாலே ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று இழக்கும், அதை மின்னோட்டமாக மாற்றினால் 2 மைக்ரோஆம்பியர் அளவு வரும். இதற்குக் கீழே கசக்கிப் பிழிய ஒன்றுமில்லை. ஆனால் இந்த எண்கள் போர்டு சுத்தமாக இருந்தால்தான். 10 மெகாஓம் இருக்கும் இடத்தில் சால்டர் ஃப்ளக்ஸ் படிந்து ஈரம் பிடித்தால் அதுவே இன்னொரு ரெசிஸ்டராகிவிடும். ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். பேட்டரியின் பிளஸில் ஒரு ஷாட்கி டையோடும் போடுங்கள், 0.2 வோல்ட் போகும், போகட்டும். அவசரத்தில் பேட்டரி மூடியைத் தலைகீழாக ஒரு கணம் தொட்டால் மாஸ்ஃபெட் தடுக்காது, அதன் உள் டையோடு அந்தத் திசையில் கடத்தும்.

மூடுவதற்கு முன் சோதிக்க ஒவ்வொரு முறையும் 31 நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை. 100 நானோஃபாரடுக்குப் பதில் தற்காலிகமாக 1 நானோஃபாரட் போட்டால் 19 விநாடியில் அணையும். மீட்டிக்கொண்டே இருங்கள், ஒரு நிமிடம் ஆனாலும் அணையக் கூடாது. நிறுத்துங்கள், 19 எண்ணுவதற்குள் அணைய வேண்டும், தானாக விழிக்கக் கூடாது. ஆம்பை வழக்கமான சத்தத்தில் வைத்து, கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹம்மோடும் இதையே பாருங்கள். அப்போது அணையவில்லை என்றால் 47 நானோஃபாரடை 22 ஆக்குங்கள். அணைந்த நிலையில் போகும் மின்னோட்டத்தை அளக்கப் பேட்டரியோடு தொடராக 1 கிலோஓம் போட்டு அதன் குறுக்கே மில்லிவோல்ட் பாருங்கள், ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோஆம்பியர். 3க்கும் 5க்கும் நடுவில் நின்றால் 100 நானோஃபாரடைத் திரும்பப் போட்டு, போர்டை ஸ்பாஞ்சில் சுற்றி, பின்மூடியைத் திருகிவிடலாம்.